பூக்குடலையுடன் போமன் குன்றுக்கு

அம்மா அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது பெட்டிக்குள் என்னென்னவோ அடைத்துக்கொண்டாள். சாம்பார்ப் பொடி, அப்பளம், வடாம், பேத்திக்குப் பட்டுப் பாவாடை. இவற்றோடு பனையோலையில் முடைந்த பூக்குடலை ஒன்று.

"அது எதுக்கம்மா அங்கே?" என்று கேட்டேன்.

"ஏன், அங்கே பூ பூக்காதா? இல்லே, சாமிதான் கிடையாதா?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குடலை விமானம் ஏறிற்று.

நவம்பர் மாதக் கடைசியில் அம்மா நியூ ஜெர்ஸியில் அக்கா வீட்டில் போய் இறங்கினாள். அந்த ஊரில் அப்போது பூ பூப்பதில்லை. மரத்தில் இலையே இருப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்ததெல்லாம் மொட்டை மரங்களும் வெண்பனியுந்தான். பூஜைக்குக் கடையிலிருந்து காகிதம் சுற்றிய ரோஜா வரும். "பறிச்ச கை யாரோடதோ, பறிச்சு எத்தனை நாளாச்சோ" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அம்மா அதைச் சாமிக்குச் சாற்றுவாள். நாற்பது வருஷமாக விடியற்காலையில் எழுந்து, ஸ்நானம் செய்து, தன் கையாலேயே பூப் பறித்துப் பழகியவள் அவள். குடலை அலமாரி மேல் சும்மா கிடந்தது.

ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில், பத்திரிகை வேலையாக நியூயார்க் போயிருந்த நான் இரண்டு நாள் அக்கா வீட்டில் தங்கினேன். "ஆத்துக்கு அக்கரையிலே ஒரு பூ வனம் இருக்கு. அம்மா கண்ணு நிறையப் பாக்கட்டுமே" என்றாள் அக்கா. அம்மாவின் காதில் 'பூ வனம்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே விழுந்தன போலும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து உட்கார்ந்தபோது அவள் மடியில் பூக்குடலை இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல இருவருக்கும் தைரியம் வரவில்லை.

வாஷிங்டன் கடந்த ஆறு

நியூ ஜெர்ஸிக்கும் பென்ஸில்வேனியாவுக்கும் எல்லையாக ஓடுவது டெலவேர் ஆறு. 1776-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், பனிக்கட்டிகள் மிதந்துகொண்டிருந்த இந்த ஆற்றைத்தான் ஜார்ஜ் வாஷிங்டன் தம் படையுடன் படகுகளில் கடந்தார். மறுநாள் காலையில் டிரெண்டன் நகரிலிருந்த எதிரிப் படையைத் தோற்கடித்தார். அவர் கடந்த இடத்தில் இப்போது குறுகலான இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. எதிரே பெரிய வண்டி வந்தால் நமக்கு மூச்சு நின்றுவிடும். அவர் பென்ஸில்வேனியாவிலிருந்து நியூ ஜெர்ஸிக்கு வந்தார். நாங்கள் நியூ ஜெர்ஸியிலிருந்து பென்ஸில்வேனியாவுக்குப் போனோம். அவரிடம் பீரங்கிகள் இருந்தன. எங்களிடம் பூக்குடலை இருந்தது.

அக்கரையில், நியூ ஹோப் என்ற சிற்றூருக்குப் போகும் ஆற்றோரச் சாலையில் சில மைல் வடக்கே போனால் போமன் குன்று. அதன் அடிவாரத்தில் 134 ஏக்கர் பரப்புள்ள காட்டுப்பூ வனம் இருக்கிறது. பக்ஸ் கவுண்டி மாதர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த மேரி பாரி என்ற அம்மையாரும், மாநில வனத் துறையின் ஆலோசகராக இருந்த வில்சன் ஹைனிட்ஷ் என்பவரும் எடுத்த முயற்சியால் 1934-ஆம் ஆண்டில் ஏற்பட்டது இது. அது அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் வாட்டிய காலம். சோற்றுக்கே வழியில்லாத நாளில் காட்டுப் பூவைக் காப்பாற்றுவதா என்று யாராவது கேட்டிருக்கக் கூடும். கேட்டிருந்தாலும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பென்ஸில்வேனியாவின் சொந்தச் செடி கொடிகள் சுமார் 2,000 வகை. அவற்றில் 700-க்கு மேற்பட்டவை இன்று இந்த ஒரே வனத்தில் இருக்கின்றன. வெளிநாட்டு ரோஜாவும் டியூலிப்பும் இங்கே கிடையாது. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவற்றுக்குத்தான் இடம்.

உள்ளே நுழைவதற்கு முன்னால் ஒரு வேலி. ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பி, காட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது. "பூந்தோட்டத்துக்கு இவ்வளவு பெரிய வேலியா! திருட்டுப் பயம் ஜாஸ்தி போலிருக்கு" என்றாள் அம்மா. அந்த வேலியின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கதவருகே இருந்த அறிவிப்புப் பலகையை அக்கா பார்க்காதவள் போல் கடந்தாள். நானும் அப்படியே கடந்தேன். ஆனால் அக்காவின் பெண்ணுக்கு ஏழு வயது. புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் எதையும் படிக்காமல் விடமாட்டார்கள். "பாட்டி! இங்கே பூவைப் பறிக்கக் கூடாதாம்!" என்று அவள் உரக்கக் கூவினாள்.

அம்மா நின்றாள். குடலையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெயிலுக்குள் ஓர் அவசரம்

நேயர்களே, வசந்த காலத்துக் காடு என்றால் பச்சைப் பசேலென்று நிழல் படர்ந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஓக், பீச், மேப்பிள் எல்லாம் வானை நோக்கிக் கையை விரித்துக்கொண்டு நிற்கின்றன. இலை இப்போதுதான் துளிர்க்கப் பார்க்கிறது. வெயில் தடையில்லாமல் தரை வரையில் இறங்குகிறது. பச்சையெல்லாம் தரையில், பூவெல்லாம் தரையில். அண்ணாந்து பார்க்கிறவனுக்கு இங்கே ஒன்றும் இல்லை. குனிந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் இருக்கிறது.

ரகசியம் அந்த வெயிலில்தான் இருக்கிறது. மே மாதம் பாதி கழிவதற்குள் மரங்கள் இலை விரித்துக் கூரை போட்டுவிடும். அதன் பிறகு தரைக்கு விழும் வெளிச்சம் சொற்பம். பனி உருகுவதற்கும் கூரை மூடுவதற்கும் நடுவே சில வாரங்கள்தான் அவகாசம். அதற்குள் சின்னஞ்சிறு செடி முளைத்து, இலை விட்டு, பூத்து, காய்த்து, அடுத்த வருஷத்துக்கு வேண்டிய உணவையும் கிழங்கில் சேர்த்து வைத்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விட வேண்டும். மழை வருமுன்னே வடாம் பிழிந்து உலர்த்தி டப்பாவில் போட்டுவிட வேண்டுமென்று நம் வீட்டுப் பெண்கள் படுகிற அவசரம் இருக்கிறதே, அதே அவசரந்தான். ஜூன் மாதத்தில் வந்தால் இவற்றில் பலவற்றுக்கு அடையாளமே இராது.

பாதையோரத்தில் முதலில் தென்பட்டது ஸ்பிரிங் பியூட்டி. விரல் நகமளவு வெள்ளைப் பூ. இதழ்களில் ரோஜா நிறக் கோடுகள். மேகம் வெயிலை மறைத்தால் இதழைக் கூப்பிக்கொண்டுவிடும். அடுத்தது, தலைகீழாக உலர்த்திய கால்சட்டைகளைப் போல் ஒரே தண்டில் வரிசையாகத் தொங்கும் வெள்ளைப் பூக்கள். 'டச்சுக்காரன் கால்சட்டை' என்பதுதான் ஆங்கிலத்தில் இதன் பெயரே. அதைக் கேட்டுக் குழந்தை சிரித்து மாளவில்லை. அந்தக் கால்சட்டையின் நுனியிலிருக்கும் தேனை எட்டுவதற்கு நீண்ட நாக்கு வேண்டும். குளிர்காலத் தூக்கத்திலிருந்து பசியோடு எழுந்து வரும் பம்பிள் வண்டு ராணிக்கு அந்த நாக்கு இருக்கிறது. பூவுக்கு வண்டும் வண்டுக்குப் பூவும் சரியாகக் குறித்த வாரத்தில் வந்து சேருகின்றன.

பிளட்ரூட் பூத்து முடிந்துவிட்டிருந்தது. இலை மட்டும் இருந்தது. கிழங்கைக் கீறினால் ரத்தச் சிவப்பில் சாறு வடியுமாம். இந்த நாட்டுப் பூர்வகுடி மக்கள் அதைச் சாயமாக உபயோகித்தார்கள். மே ஆப்பிள் செடிகள், சின்னச் சின்னப் பச்சைக் குடைகளை யாரோ விரித்து வைத்தாற்போல் கூட்டமாக நின்றன. ஒற்றைக் குடைச் செடி பூப்பதில்லை. இரட்டைக் குடையாகக் கவடு விட்ட செடியில்தான் அந்தக் கவட்டில் ஒரே ஒரு பூ. நன்றாகப் பழுத்த பழம் தவிரச் செடி முழுவதும் விஷம். அந்த விஷச் சத்தை ஆராய்ந்துதான் புற்று நோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்தை உருவாக்கியிருக்கிறார்கள். இமயமலைச் சாரலில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரியும் உண்டு.

பிறகு பிட்காக் ஓடை. அதன் கரையில் திரும்பியதும் நாங்கள் நால்வரும் பேசாமல் நின்றுவிட்டோம். சரிவு முழுவதும் நீலம்! வர்ஜீனியா புளூபெல் என்ற பூ. மொட்டாக இருக்கையில் இளஞ்சிவப்பு. மலர மலர நீலம். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருக்கும். அம்மா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து குடலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு வயதுப் பூ

மேட்டுப் பாதையில் ஏறும்போதுதான் அது நடந்தது. பாதைக்கு ஓரடி உள்ளே ஒரு ட்ரில்லியம் பூத்திருந்தது. மூன்று இலை, மூன்று புல்லிதழ், மூன்று வெள்ளை இதழ். வில்வ தளத்தின் மேல் பூ ஒன்றை வைத்த மாதிரி இருந்தது. அம்மாவின் கை தானாக நீண்டுவிட்டது. நாற்பது வருஷத்துப் பழக்கம் அல்லவா?

"பாட்டி!" என்று குழந்தை அலறினாள்.

சற்றுத் தூரத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கையுறையைக் கழற்றியபடி எங்களிடம் வந்தார். வனத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்யும் தொண்டர்களில் ஒருவர். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த குடலையைப் பார்த்து, அது எதற்கு என்று விசாரித்தார். அக்கா விளக்கினாள். பிறகு அவர் குழந்தையிடம், "உனக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

"ஏழு."

"இந்தப் பூவுக்கும் உன் வயதுதான். கொஞ்சம் கூடவே இருக்கலாம்" என்றார் அவர்.

விஷயம் இதுதான். ட்ரில்லியம் விதை விழுந்து, முளைத்து, முதல் பூப் பூப்பதற்கு ஏழெட்டு வருஷம் ஆகிவிடுகிறது. முதலில் ஒற்றை இலை. அப்படியே சில வருஷம். பிறகு மூன்று இலை. அப்படியும் சில வருஷம். கிழங்கில் போதிய பலம் சேர்ந்த பிறகே பூ. பூவைக் கிள்ளும்போது அடியிலிருக்கும் மூன்று இலையும் கூட வந்துவிட்டால் அந்த வருஷத்துச் சாப்பாடு போயிற்று. வேறு இலை விடாது. கிழங்கு பட்டினி கிடக்கும். மறுபடி பூக்கப் பல வருஷம் ஆகும், அல்லது செத்தே போகும்.

அக்கா இதையெல்லாம் தமிழில் சொல்லி முடித்தாள். அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பேத்தியின் தலையைத் தடவினாள். "நம்ம செம்பருத்தி இன்னிக்குப் பறிச்சா நாளைக்குப் பூக்கும். இது அந்த ஜாதி இல்லே" என்றாள். பூவில் இறைவனைக் கண்டு, அதைப் பறிக்க மனம் வராமல் நின்ற தாயுமானவர் என் ஞாபகத்துக்கு வந்தார். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தோன்றிற்று.

எறும்பு நடக்கும் தூரம்

இந்தப் பூக்களின் விதை எப்படிப் பரவுகிறது, தெரியுமா? காற்றில் பறப்பதில்லை. பெரும்பாலும் பறவை தின்று போடுவதும் இல்லை. ட்ரில்லியம், பிளட்ரூட், கால்சட்டைப் பூ ஆகியவற்றின் விதைகளுக்கு எறும்புதான் வாகனம். ஒவ்வொரு விதையோடும் கொழுப்புச் சத்துள்ள சிறிய பண்டம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், பண்டத்தைத் தின்றுவிட்டு, விதையைக் குப்பையோடு ஒதுக்கி வைக்கிறது. அந்தக் குப்பைதான் எரு. அங்கே முளைக்கிறது செடி. கூலியும் வேலையும் சரியாய்ப் போயிற்று.

ஆனால் எறும்பு எவ்வளவு தூரம் நடக்கும்? பெரும்பாலும் சில கஜம். அதனால்தான் ஒரு தரம் அழிந்த இடத்தில் இந்தப் பூக்கள் திரும்பி வருவது அவ்வளவு கஷ்டம். காட்டை வெட்டி உழுத நிலத்தைச் சும்மா விட்டால் ஐம்பது வருஷத்தில் மரம் வளர்ந்து மறுபடி காடாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குனிந்து பார்த்தால் நூறு வருஷம் கழிந்தும் தரையில் ட்ரில்லியம் இல்லை. மரம் திரும்பி வந்துவிட்டது. பூ இன்னும் எறும்போடு நடந்து வந்துகொண்டிருக்கிறது.

வேலி யாருக்கு?

வேலியின் கதைக்கு வருகிறேன். அது திருடர்களுக்காகப் போட்டதல்ல. மான்களுக்காகப் போட்டது.

ஓநாய்களும் மலைச் சிங்கங்களும் பென்ஸில்வேனியாக் காடுகளில் ஒரு காலத்தில் உலவின. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றை ஒழித்துக் கட்டினார்கள். மான்களையும் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். பிறகு மனம் வருந்தி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். துரத்த ஓநாய் இல்லை. மான்கள் பெருகின. மானுக்கு ட்ரில்லியம் என்றால் கொள்ளைப் பிரியம். வேலிக்கு வெளியே இருக்கும் காட்டைப் பார்த்தால் விளங்கும்: மரங்கள் இருக்கின்றன, தரை வெறிச்சென்று கிடக்கிறது. மானின் மேல் குற்றமில்லை. கதையில் எந்தப் பாத்திரத்தை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்று தெரியாமல் மனிதன் செய்த காரியம் அது.

வேலியால் தடுக்க முடியாத ஆபத்து வேறொன்றும் இருக்கிறது. 'வால்டன்' எழுதிய ஹென்றி டேவிட் தோரோ 1850-களில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் தம் ஊராகிய கான்கார்டில் எந்த மரம் எந்த நாளில் இலை விட்டது, எந்தப் பூ எப்போது மலர்ந்தது என்று குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளை இன்றைய நிலைமையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் விஞ்ஞானிகள். பூமி சூடேறியதால் காட்டுப் பூக்கள் இப்போது ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக இலை விடுகின்றன. மரங்களோ இரண்டு வாரம் முன்னதாகவே விரிந்துவிடுகின்றன. கணக்குப் பாருங்கள்: பூவுக்குக் கிடைத்த சில வார வெயிலில் ஒரு வாரத்தை மரம் பிடித்துக்கொண்டுவிட்டது. வடாம் காயுமுன்னே மழை வந்துவிடுகிறது.

பூண்டு வாசனை

அந்த மூதாட்டி பிடுங்கிக்கொண்டிருந்த களையின் பெயர் கார்லிக் மஸ்டர்டு. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த செடி. 1868-ஆம் ஆண்டில் லாங் ஐலண்டில் முதன்முதலாகக் கண்டார்கள். வெள்ளைப் பூ, பல் பல்லான இலை. இலையைக் கசக்கினால் பூண்டு வாசனை. இது வேரின் வழியாகக் கக்கும் ரசாயனம், மற்றச் செடிகளின் வேருக்கு உதவும் மண் பூஞ்சைகளைக் கெடுக்கிறது. மான் இதைத் தொடுவதில்லை. விதை விழுந்துவிட்டால் பல வருஷம் மண்ணில் உயிரோடு காத்திருக்கும். ஆகையால் விதை பிடிக்குமுன் வருஷா வருஷம் கையால் பிடுங்க வேண்டும்.

அம்மா ஓர் இலையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "இது கீரைன்னா! இதைப் பறிக்கலாமா?" என்று கேட்டாள்.

அக்கா மொழிபெயர்த்ததும் அந்த மூதாட்டி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எவ்வளவு வேண்டுமானாலும்! முடிந்தால் எல்லாவற்றையுமே!" என்று சொல்லி, இன்னொரு ஜதைக் கையுறையை நீட்டினார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். தண்டு அறுந்தால் மறுபடி தழைக்கும், வேரோடு வர வேண்டும் என்று அவர் செய்து காட்டத் தேவையே இருக்கவில்லை. கீரைப் பாத்தியில் களையெடுத்த கை அது. அரை மணி நேரம் இரு கிழவிகளும் ஒரு சரிவைச் சுத்தம் செய்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

ஐந்து மாதத்தில் அன்றுதான் அம்மாவின் முகத்தில் பழைய களையைப் பார்த்தோம் என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

குடலை காலியாகத் திரும்பவில்லை. அந்த மூதாட்டியின் அனுமதியோடு பறித்த இளம் இலைகள் அதில் இருந்தன. இரவு அவை துவையலாயின. சற்றுக் கசப்பு, புளி கொஞ்சம் தூக்கலாக வைத்தால் நன்றாயிருக்கும். வனத்தின் வாசலிலேயே, நர்சரியில் வளர்த்த செடிகளை விற்கிறார்கள். அம்மா தன் சுருக்குப் பையிலிருந்த டாலர்களைக் கொடுத்துப் புளூபெல் செடி ஒன்றையும் வாங்கி வந்திருந்தாள். மறுநாள் அதை அக்கா வீட்டுக் கொல்லையில் மேப்பிள் மரத்தடியில் நட்டோம். அந்தப் பக்கம் மான் நடமாட்டம் உண்டென்று அத்தான் சுற்றிலும் கம்பி வலை கட்டினார். எங்கள் வீட்டிலும் ஒரு வேலி ஏற்பட்டுவிட்டது!

அன்று காலைப் பூஜைக்குப் பூ இல்லை. கடை ரோஜாவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அம்மா. அட்சதை போட்டு விளக்கேற்றினாள். "அங்கே அந்தச் சரிவு பூராவும் பூத்திருக்கே, அதைக் கணக்கிலே வச்சுக்கோ" என்று சாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஊர் திரும்பும் சமயத்தில் குடலையைப் பெட்டியில் வைக்கவில்லை. "இங்கேயே இருக்கட்டும்" என்று அக்காவிடம் கொடுத்தாள்.

"செடி பூத்தா பறிக்கலாமா பாட்டி?" என்று கேட்டாள் குழந்தை.

"அடுத்த வசந்தத்துக்கு நான் வரேன். ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். பறிக்கிறதா வேண்டாமான்னு அப்போ யோசிச்சுக்கலாம்" என்றாள் அம்மா.